மேலே நின்ற திரி

வண்டி தயாராக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். சென்னியப்பன் தலையை ஆட்டினார். பிரேக்கையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார், ஆனால் அந்தச் சொல் உதட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்துவிட்டதால் டோக்கனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்நியர்களிடம் அவர் ப-வில் தொடங்கும் எதையும் சொல்வதில்லை, ப மட்டுமல்ல, க, த, ம, பிறகு தன் பெயர், அதுதான் எல்லாவற்றையும்விட மோசம், நாற்பத்தேழு வயது மனிதன் தன் பெயரைச் சொல்ல முடியாமல் வாயைக் கோணிக்கொண்டு நிற்கும்போது எதிரே இருப்பவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு சிரிக்கக் கூடாது என்று நினைவு வந்து வேறெங்கோ பார்ப்பார்கள், அந்த இரண்டாவது பார்வைதான் தாங்காது. பெருந்துறை ரோட்டு வெயில் கண்ணாடிச் சுவர் வழியாக முழங்கால்வரை ஏறியிருந்தது. டிவியில் நாலு பேர் சத்தமே இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒலியை அணைத்து வைத்திருந்தார்கள், புண்ணியவான். அவர் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடமும் இப்படித்தான், நுண்ணோக்கிக்கு அடியில் கண்ணாடித் துண்டை வைத்தால் போதும், ரத்தம் உங்க பேர் என்ன என்று கேட்காது, இருபத்திரண்டு வருஷமாகக் கேட்டதில்லை. ஆனால் காலையில் வர்ணிகாவின் பள்ளி வாட்ஸப் குழுவில் கேட்டுவிட்டார்கள். எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு ஒரு வீடியோ செய்கிறார்களாம், ஒவ்வொரு அப்பாவும் தன் பிள்ளையைப் பற்றி ஒரு நிமிடம் பேசிக் குரல் பதிவாக அனுப்பவேண்டுமாம், திங்கட்கிழமைக்குள். அதற்குள் பதினேழு அப்பாக்கள் அனுப்பிவிட்டிருந்தார்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக, அந்தக் குட்டிக் குட்டி அலைக் கோடுகள். வர்ணிகா ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள், "அம்மாவே பேசட்டும்ப்பா, பரவால்ல." பரவால்ல என்று சொல்ல எங்கே கற்றுக்கொண்டாள். ஷூ கட்டும்போது சொல்லவேண்டும், முகத்தைப் பார்க்காமல் சொல்லவேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தது. அவளுடைய அம்மா பூங்கோதை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு நிமிடம். அறுபது நொடி. என் மகள் என்று தொடங்கவேண்டாம், வேறு எப்படித் தொடங்கலாம், மூச்சை முதலில் பாதி விட்டுவிட்டுப் பிறகு சொல்லைத் தொடங்குவது பற்றி யாரோ எழுதியிருந்தார்களே, கல்யாணத்தில் வாழ்த்திப் பேசிய அனுபவம் என்று நீளமாக, எங்கே, நிதானத்தில்தான், நிதானத்தில்தான் எழுதியிருந்தார்கள். அதைத் தேடலாம் என்றுதான் அவர் செல்போனை எடுத்தார். வேறு எந்த எண்ணமும் இல்லை.

நிதானம் என்பது திக்கிப் பேசுகிறவர்களுக்காகத் தமிழில் இருந்த இணைய மன்றம். இருந்த என்று சொல்வதா, இருக்கிற என்று சொல்வதா. முகவரியை அடித்ததும் ஏதோ விளம்பரப் பக்கம் வரும், அல்லது ஒன்றுமே வராது என்று நினைத்தார், ஆனால் வந்தது, அதே நீலப் பட்டை, அதே ஆமைப் படம், செல்போன் திரைக்கு அடங்காமல் பக்கவாட்டில் வழிந்துகொண்டு. நாலு வருஷமாயிற்று இங்கே வந்து. நாலா, ஐந்தா. கடவுச்சொல்லை மனம் மறந்திருந்தது, விரல் மறக்கவில்லை. உள்ளே போனதும் அடியில் ஒரு வரி, 'தற்போது மன்றத்தில் இருப்போர்: 1'. அந்த ஒன்று தான்தான் என்று புரிய ஒரு கணம் ஆனது. முன்பெல்லாம் அந்த இடத்தில் நாற்பது, ஐம்பது என்று நிற்கும், ஒரு தீபாவளிக்கு எழுபத்தொன்று, யாரும் யாரையும் பார்த்ததில்லை, யாருக்கும் யாருடைய ஊரும் நிஜப் பெயரும் தெரியாது, கேட்கக் கூடாது என்று நாகர்கோவில் ஜெபமணி சார் தொடங்கும்போதே விதி எழுதிவைத்திருந்தார். எல்லோரும் ஆளுக்கொரு புனைபெயரில். இவர் மெதுவண்டி. மெதுவண்டி அண்ணன். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் எழுதிய மனிதன், மட்டுறுத்துநர், சண்டைகளைத் தீர்த்துவைத்தவர், இளவட்டங்களை வாரிக் கிண்டலடித்தவர், ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதுவார், ஒரு சொல் தட்டாது. பூங்கோதை அந்த மனிதனைப் பார்த்ததே இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அவள் கட்டிக்கொண்டது சொல்லுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு ஆளை, மெதுவண்டியைப் பார்த்திருந்தால் யாரோ அந்நியன் என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருப்பாள். அங்கே யாரும் காத்துக்கொண்டு நிற்கவில்லை, அதுதான் விஷயம், ஒரு பதிவை மத்தியானம் முழுக்க எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம், பதில் மறுநாள் வரும், மூன்றாம் நாள் வரும், யாருடைய முகமும் எதிரே தொங்கிக்கொண்டிருக்காது. பிறகு எல்லோர் கையிலும் பெரிய செல்போன் வந்தது. நிதானம் நண்பர்கள் என்று வாட்ஸப்பில் ஒரு குழு, அதையும் ஜெபமணி சார்தான் தொடங்கினார், அங்கேயே பேசிக்கலாமே என்றார்கள், பேசிக்கலாமே, அந்தச் சொல்லை யாரும் கவனிக்கவில்லை. முதலில் பூக்கள் வந்தன, காலை வணக்கம் வந்தது, பிறகு குரல் பதிவுகள். திக்கிப் பேசுகிறவர்கள் குழுவில் குரல் பதிவு. கொஞ்சமாகத் திக்குகிறவர்கள் தைரியமாக அனுப்பினார்கள், பாராட்டிக் கை தட்டினார்கள், நிறையத் திக்குகிறவர்கள் கட்டைவிரல் படம் போட்டார்கள், அப்புறம் அதையும் போடவில்லை. இவரும் போடவில்லை. அதற்காக மன்றத்துக்குத் திரும்பிப் போனாரா என்றால் அதுவும் இல்லை, போய்ப் பார்த்தால் மூன்று பேர் இருந்தார்கள், அடுத்த மாதம் இரண்டு பேர், ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிட்டார். சொல்லிக்கொள்ளாமல்தான் வந்தார். யாரிடம் சொல்லிக்கொள்வது.

மன்றத்தில் ஒவ்வொரு பேச்சையும் திரி என்பார்கள். கடைசியாக யார் எதில் எழுதினாலும் அந்தத் திரி மேலே வந்துவிடும், மற்றவை ஒரு படி கீழே இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு காலத்தில் வேலைக்கு நடுவில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். இப்போது பட்டியல் முழுக்கப் புரியாத எழுத்தில் மாத்திரை விளம்பரங்கள், எந்த நாட்டு இயந்திரமோ வந்து ஒட்டிவிட்டுப் போனவை. அவற்றுக்கெல்லாம் மேலே, முதலிடத்தில், தமிழில் ஒரு திரி. தலைப்பு: 'யாராவது இருக்கீங்களா'. எழுதியவர்: அரைச்சொல். பதில்கள்: 0. பார்வைகள்: 2. அரைச்சொல், அந்தப் பையன், அப்போது கல்லூரி முடித்த கையோடு வந்தவன், ர-வும் வ-வும் வராது என்று எழுதுவான், எழுத்தில் அவனுடைய குறும்புக்கு அளவே இருக்காது, இப்போது முப்பத்தைந்து வயதாவது இருக்கும். இவர் சிரித்துக்கொண்டேதான் திறந்தார். உண்மையிலேயே முகத்தில் சிரிப்பு இருந்தது, எதிர் நாற்காலிக்காரர் அதைப் பார்த்துத் தானும் லேசாகச் சிரித்தார். 'ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கேன். பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தது ஆச்சரியம்தான். இங்க வந்தா மெதுவண்டி அண்ணன் இருப்பார்னு நெனச்சேன். இனிமே பேச வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். யார்கிட்டயும். போதும்னு இருக்கு. எல்லாருக்கும் நன்றி. மெதுவண்டி அண்ணனுக்கு ரொம்ப நன்றி.' அவ்வளவுதான். அதற்குக் கீழே தேதி. இவர் தேதியைப் பார்த்தார், செல்போனின் மேல் ஓரத்தில் இன்றைய தேதியைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார், விரல்விட்டு எண்ணினார், பதினொன்று. பதினோரு நாளாக இது மேலேயே நின்றுகொண்டிருக்கிறது. கீழே தள்ள ஆளில்லாததால் முதலிடத்திலேயே நின்றிருக்கிறது. பார்வைகள் இப்போது மூன்று, அதில் ஒன்று இவர், ஒன்று எழுதிவிட்டு அவனே திரும்ப வந்து பார்த்தது, இன்னொன்று, இன்னொன்றும் அவனேதானோ, பதில் வந்திருக்கிறதா என்று இரண்டாம் முறை வந்தானோ, என்றைக்கு வந்தான், வந்து எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கும் அடியில் அந்த வரி தெரிந்திருக்கும், தற்போது மன்றத்தில் இருப்போர் ஒன்று.

பேச வேண்டாம் என்று முடிவு, பேசத்தான் வேண்டாம் என்கிறான், வேறொன்றும் சொல்லவில்லை, மௌன விரதம் இருக்கிறவர்கள் இல்லையா, ஆசிரமம் கீசிரமம் போயிருக்கலாம், அதற்கு ஏன் நன்றி சொல்லவேண்டும், எல்லாருக்கும் நன்றி என்று மேடையைவிட்டு இறங்குகிறவன்தானே சொல்வான், முடிவு பண்ணிட்டேன், முடிவு, பண்ணிட்டேன், இதில் முடிவு என்பது தீர்மானம்தான், ஓட்டலில் இட்லியா தோசையா என்று முடிவு பண்ணுவதில்லையா, அந்த முடிவுதான், ஆனால் போதும்னு இருக்கு என்கிறானே, எது போதும், பேச்சா, பேச்சு மட்டுமா. சென்னியப்பன் பதில் எழுதும் பெட்டியைத் திறந்தார். 'இருக்கேன். நான் இருக்கேன் தம்பி. மெதுவண்டிதான். உடனே பதில் எழுது.' அனுப்பினார். அது போய் அவன் எழுதியதற்குக் கீழே உட்கார்ந்தது, பதில்கள் ஒன்று. பக்கத்தைப் புதுப்பித்தார். பார்வைகள் நாலு. அந்த நாலாவது தானேதான். மறுபடி புதுப்பித்தார். பதினோரு நாள் தாமதமாக வந்து உடனே என்று எழுதியிருக்கிறோமே என்று கூசியது. பரிசோதனைக் கூடத்துக்குச் சில பேர் ரத்த மாதிரியைக் கொடுத்துவிட்டு முடிவை வாங்கவே வரமாட்டார்கள், காகிதம் பெட்டியில் மஞ்சளாகிக் கிடக்கும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று இவருக்குத் தெரியும், அந்த ஆளுக்குத் தெரியாது, ஆள் எங்கோ சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருப்பார், அதை நினைத்து முன்பு ஒருமுறை இவருக்குக் காய்ச்சலே வந்தது. சேச்சே, அதையும் இதையும் ஏன் சேர்க்கவேண்டும். புதுப்பித்தார். ஐந்து. கவுண்டர் பெண் டோக்கன் எண் எதையோ கூப்பிட்டாள், அது இவருடையது இல்லை.

குழுவில் கேட்கலாம், இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருத்தருக்காவது தெரியாதா. நிதானம் நண்பர்கள் குழுவைத் திறந்து வேகமாக அடித்தார். 'நண்பர்களே, மெதுவண்டி. நம் பழைய மன்றத்தில் அரைச்சொல் என்று ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி யாருக்காவது தெரியுமா? ஊர், பெயர், எதுவானாலும். மிக அவசரம். மன்றத்தில் அவர் எழுதியிருப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.' அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். ஒரு கட்டைவிரல் வந்தது. பிறகு கூப்பிய கைகள். யாரோ ஒருவர், 'அந்த சைட் இன்னும் இருக்கா சகோ?' என்று கேட்டார். அவருக்கு இன்னொருவர், 'ஹாஹா நானும் அதான் நெனச்சேன்' என்றார். ஜெபமணி சார் வந்தார், வந்துவிட்டார், இவருக்கு நெஞ்சு திறந்தது, 'பழைய போஸ்டா இருக்கும்ப்பா, தேதிய நல்லா பாரு.' பதினோரு நாள் சார் என்று இவர் அடித்து முடிப்பதற்குள் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒருவர், 'அட்மின், குரூப்ல இந்த மாதிரி நெகட்டிவ் மெசேஜ் வேண்டாமே ப்ளீஸ், நெறைய பேர் தன்னம்பிக்கைக்காக இங்க இருக்கோம்' என்று போட்டார், அதற்கு ஆறு பேர் கை தட்டினார்கள். அடுத்து ஒரு குரல் பதிவு, இரண்டு நிமிடம் நாற்பது நொடி, பதறிப்போய்க் காதில் வைத்துக் கேட்டால் நாளைய பேச்சுப் பயிற்சி முகாமுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்காகப் பெயர் கொடுக்கவேண்டும் என்று இருந்தது. அதன்பின் முகாமைப் பற்றிய பேச்சு. சைவமா அசைவமா. ரோஜாப் பூவில் பனித்துளி. நாலே நிமிடம்தான், இவர் எழுதியது மேலே மேலே போய்த் திரையைவிட்டே மறைந்துவிட்டது, இழுத்து இழுத்துத் தேடவேண்டியிருந்தது. அங்கே பதினோரு நாள் நின்றது, ஆளில்லை. இங்கே இருநூறு பேர், நாலு நிமிடம் நிற்கவில்லை. இவருக்குச் சத்தமாக அழவேண்டும்போல இருந்தது, யார்மீது என்று தெரியாத கோபமும் வந்தது, பூப் போடுகிறவன்மீதா, முகாம் நடத்துகிறவன்மீதா, பந்தியில் ஆளில்லை என்று பாதியில் எழுந்து வந்தவன் யார், நடத்துகிற ஆள் என்று பட்டம் வாங்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போனவன் யார், அந்தப் பையன் யாரைத் தேடி வந்திருக்கிறான், நட்டநடுவில் என் பெயரைத்தானே எழுதியிருக்கிறான், இரண்டு தடவை எழுதியிருக்கிறான்.

தனிமடல். அந்தச் சொல் எங்கிருந்தோ வந்து மோதியதும் மறுபடி மன்றத்துக்குப் போனார். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் தனியாக எழுதிக்கொண்ட கடிதங்கள் அங்கேயே ஒரு மூலையில் கிடக்கும், இவருக்கு வந்தவை எண்ணூறுக்கு மேல், அரைச்சொல் என்று தேடினால் முப்பத்தாறு. திறந்து திறந்து மூடினார். பாதியில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார், ஏனென்றால் எதைத் தேடுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, பன்னிரண்டு வருஷமாகத் தெரிந்தேதான் இருந்தது, அதை நினைவில் வேறொரு சாமானுக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்தார். 'அண்ணா, வர்ற வியாழக்கெழம எனக்கு இன்டர்வியூ. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ உங்ககிட்ட போன்ல பேசிப் பழகிக்கட்டுமா? நீங்கன்னா பயமில்ல. எங்கிட்ட போன் இல்ல, இது எங்க அக்கா நம்பர். சாயங்காலம் கூப்பிட்டீங்கன்னா பக்கத்துல இருப்பேன்.' அடியில் பத்து இலக்கம். அதற்கு இவருடைய பதில், மெதுவண்டியின் பதில், அட்டகாசமான பதில், உனக்குப் பழக்கமெல்லாம் எதுக்குத் தம்பி, நீ சிங்கம், இந்த வாரம் இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது, அடுத்த வாரம் கட்டாயம் கூப்பிடுகிறேன், போய் ஜெயித்துவிட்டு வா. வேலை எதுவும் நெரிக்கவில்லை. அந்தச் சாயங்காலம் இவர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் முக்கால் மணி நேரம் நடந்தார், எண்ணை அடித்தார், அழைப்புப் பொத்தானை அமுக்கவில்லை. மெதுவண்டி திக்குவதை அவன் கேட்டுவிடுவான். அவ்வளவுதான் காரணம். திக்குவாய் மன்றத்தின் மட்டுறுத்துநர் திக்குவது ஒரு திக்குவாய்ப் பையனுக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கம், இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், இவரே இன்றுவரை நம்பியதில்லை. அவன் அந்த வேலைக்குத் தேர்வாகவில்லை. அதைப் பற்றி மன்றத்தில் வேடிக்கையாக எழுதினான், எல்லோரும் சிரித்தார்கள், இவரும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். அண்ணன் கூப்பிடவே இல்லையே என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இத்தனை வருஷத்தில் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

எழுந்து வெளியே வந்தார். பக்கவாட்டில் வண்டி கழுவும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சும் இரைச்சல், அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்றால் தன் குரல் மற்றவர்களுக்குக் கேட்காது, ஆனால் அந்தப் பக்கத்துக்கும் கேட்காதே, நகர்ந்து தகரக் கூரையின் முனைக்குப் போனார். குறுஞ்செய்தி அனுப்பலாம். அந்த எண்ணுக்கு வாட்ஸப் இல்லை, சாதாரணக் குறுஞ்செய்தியை யார் பார்க்கிறார்கள், கடன் வேண்டுமா என்று கேட்கும் செய்திகளோடு அதுவும் கிடக்கும், இன்னொரு பதினோரு நாள். எண்ணே மாறியிருக்கும், பன்னிரண்டு வருஷம், மாறியிருந்தால் நல்லது, மாறியிருக்கவேண்டும், ஐயோ மாறியிருக்கக் கூடாது. பொத்தானை அமுக்கினார். மணி போனது. நாலாவது மணியில் ஒரு பெண் குரல், "ஹலோ." இவர் வாயைத் திறந்தார். அவன் பெயர் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது, யாரைக் கூப்பிடச் சொல்வது, உங்க தம்பி என்று சொல்லவேண்டும், உ, அந்த உ தொண்டையின் அடியில் மாட்டிக்கொண்டது, கழுத்து நரம்பு இழுத்தது, கண் தானாக மூடியது, காற்றே போகவில்லை. "ஹலோ? யாருங்க? ஹலோ?" துண்டித்துவிட்டாள். மறுபடி போட்டார். "யாருங்க இது, பேசுங்களேன்..." உ வேண்டாம், தம்பி என்று தொடங்கலாம், த அதைவிடக் கல், அரைச்சொல் என்றால் அவளுக்கு என்ன புரியும், வணக்கம் என்று சொல்லிப்பார், "வ்... வ்..." அவள் யாரிடமோ, "அதே நம்பருதான், வாயத் தொறக்க மாட்டேங்குறான்" என்று சொல்வது கேட்டது, துண்டித்துவிட்டாள். மூச்சைப் பாதி விட்டுவிட்டுத் தொடங்கவேண்டும், யாரோ எழுதியிருந்தார்கள், எந்த மூச்சை, மூச்சு எங்கே இருக்கிறது. மூன்றாவது முறை எடுத்ததும் அவள் கத்தினாள். "பொம்பள நம்பர்னு தெரிஞ்சா போதுமாடா உங்களுக்கு? போலீஸ்ல குடுத்திருவேன், பாத்துக்க!" இவர் தகரக் கம்பத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார், சூடாக இருந்தது, வைத்தபடியே, "வ்... வை... வைக்க... வைக்காதீங்க... ம்... ம்மா... த்... த்... த்..." என்றார், அது குரலா, ஏதோ விலங்கா என்று அவருக்கே தெரியவில்லை, கழுவும் இடத்தில் நின்ற ஆள் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போகட்டும், "த்... த்... தம்... தம்பி..."

அந்தப் பக்கம் அமைதியானது. துண்டித்துவிட்டாள் என்று நினைத்துச் செல்போனை எடுத்துப் பார்த்தார், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிறகு அவள் வேறு குரலில், மெல்ல, "நீங்களும் அவன மாதிரிங்களா?" என்று கேட்டாள்.

"ஆ... ஆமாங்க."

"அவனோட கூட்டாளியா?"

ஆமாம் என்றார். அந்தச் சொல் இந்தமுறை தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது.

"ஐயோ, உங்களப் போய்த் திட்டிட்டேனே." அவள் அழத் தொடங்கினாள், அழுகையோடேயே பேசினாள். "அவன் பேசிப் பதினோரு நாள் ஆச்சுங்க. ஒரு வார்த்த இல்ல. வேல பாத்த எடத்துல யாரோ அவன் பேசறத மொபைல்ல வீடியோ புடிச்சு விட்டுட்டாங்களாம், ஆயிரம் ரெண்டாயிரம் பேரு பாத்துச் சிரிச்சிருக்காங்க. அன்னிக்கு வந்து படுத்தவன். ரெண்டு வாய் சோறு திங்கறதுக்கே கெஞ்ச வேண்டியிருக்கு. ராத்திரியெல்லாம் நான்தான் கதவுகிட்டயே படுத்துக் கெடக்கேன், எனக்குப் பயமா இருக்குங்க. டாக்டர்கிட்ட வாடான்னா அசைய மாட்டேங்குறான். நீங்க பேசறீங்களா? அவன் பேச மாட்டான். காதுல வெக்கிறேன், நீங்க சொல்லுங்க." செருப்புச் சத்தம், கதவு, "இந்தாடா, யாரோ உன் கூட்டாளி, உன்ன மாதிரியே" என்று அவள் சொன்னது, பிறகு ஒன்றுமில்லை. மூச்சு மட்டும்.

உயிரோடு இருக்கிறான். சென்னியப்பன் அப்படியே தகரக் கூரையடியில் குந்தி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததும் அடுத்த பயம், இவர் வாயிலிருந்து எதுவும் வரப்போவதில்லை, செல்போனை அவன் காதில் பிடித்திருக்கும் அக்காவின் கை வலிக்கும், இரண்டு ஊமைகள், அவள் எடுத்துவிடுவாள். மெதுவண்டி என்று சொல்லவேண்டும். ம உதட்டில் ஒட்டிக்கொண்டது. நிதானத்தில் என்றால் நாலு வரியில் நகைச்சுவையாக ஒன்று எழுதி, பிறகு மெல்ல அவனிடம் வந்து, தோளில் கைபோடுவது மாதிரி ஒரு வாக்கியம் வைப்பார், இங்கே வாக்கியம் ஏது, ஒரு எழுத்துக்கே உதடு பிரியவில்லை, "ம்ம்ம்ம்" என்று ஒரு ஓசை, அது நீண்டுகொண்டே போனது, வெட்கம் காதுமடல்வரை ஏறியது, பன்னிரண்டு வருஷம் ஒளித்துவைத்தது மொத்தமும் இப்போது அவன் காதுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, போகட்டும், "ம்ம்... மெ... மெ... மெது..." அவ்வளவுதான் வந்தது, மீதி வரவில்லை, பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு நின்றது. பதினோரு நாள் பூட்டிக் கிடந்த தொண்டை, துருப்பிடித்த ஓசையோடு, "அ... அ... அண்ணனா?"

"ஆமா."

பிறகு அவன் பேசினான், ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, இடித்து, நடுவில் இரண்டு தடவை கைவிட்டு, மறுபடி எடுத்து. யாருமே இல்லன்னுதானே அங்க போயி எழுதினேன் என்றான். ஆள் இருக்கற எடத்துல எழுதியிருந்தா அதையும் பாத்துச் சிரிப்பாங்க என்றான். நீங்க ஏன் பாத்தீங்க என்று கேட்டான். கோபமாகக் கேட்டானா, அழுதுகொண்டு கேட்டானா என்று இவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மகளுக்காக ஏதோ தேட வந்தேன், தற்செயலாகப் பார்த்தேன், நீ என்னைத் தேடினாய் என்று தெரியாது, அன்றைக்கு உன்னைக் கூப்பிடாமல் விட்டது வேலை இருந்ததால் இல்லை, எல்லாம் சொல்லவேண்டும், சொல்லத்தான் வேண்டும், ஆனால் இப்போது இல்லை, இப்போது இவரிடம் இருக்கும் மூச்சுக்கு ஒன்றுதான் சொல்ல முடியும், அதைத் தேர்ந்தெடுத்தார். "ந்... ந்... நான் வர்றேன். இ... இப்பவே. எந்த ஊரு?" இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ, வெயில் கூரை முனையைத் தாண்டிக் காலில் விழுந்திருந்தது, அவன் அத்தனை நேரமும் செல்போனை நகர்த்தவில்லை. கண்ணாடிச் சுவருக்கு உள்ளே கவுண்டர் பெண் எழுந்து நின்று ஏதோ எண்ணைக் கூப்பிடுவது தெரிந்தது. அக்கா பின்னாலிருந்து, "நான் சொல்றேன்டா, குடு" என்றாள். குடுக்காதே என்று இவர் மனதுக்குள் கத்தினார். அவன் குடுக்கவில்லை. "வ..." என்றான். வ அவனுக்கு வராது, என்றைக்குமே வந்ததில்லை. "வ... வ..." வத்தலக்குண்டாக இருக்கலாம், வாடிப்பட்டி, வந்தவாசி, வள்ளியூர், நாலும் இவர் நாக்கு நுனியில் வந்து நின்றன, இதுவா தம்பி என்று ஒன்றைக் கேட்டால் அவன் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுத் தப்பித்துவிடலாம், மறுபடி பேசாமல் இருந்துவிடலாம். சென்னியப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டார். செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த எழுத்தைப் போட்டு அவன் முட்டி முட்டித் தள்ளுவதைக் கேட்டபடி குந்தியிருந்தார், ஊரை அவனே சொல்லட்டும்.